வழி சொல்லாத ஆற்றுப்படை

சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபொழுது, பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகளைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். பி.ஏ. வகுப்பில் தமிழை முதன்மைப் பாடமாகப் பயின்ற நாள் தொட்டு அந்நூல்களின்மேல் எனக்கு ஒரு பற்று உண்டு. தில்லியில் மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளிடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த பின்னும் அப்பற்று குறையவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்த இரவில் என் மகள் கேட்ட ஒரு கேள்வி கட்டுரையின் திசையை மாற்றிவிட்டது. பாலித் தீவில் ஒரு கோயில் வாயிலில் யாரோ ஒரு பெண் நிற்கும் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "அப்பா, இங்கே எப்படிப் போவது என்று இதில் எங்கேயுமே போடவில்லையே?" என்றாள். ஆற்றுப்படையைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைக்குமா?

ஆற்றுப்படை என்பதற்கு வழிப்படுத்துதல் என்று பொருள். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ பொருநனோ, வறுமையோடு எதிரே வரும் தன்போன்ற ஒருவனைக் கண்டு, தான் பெற்ற வளத்தைச் சொல்லி, அவ்விடம் செல்லும் வழியையும் சொல்வது. தொல்காப்பியர் புறத்திணையியலில் இதற்கு இலக்கணம் வகுத்தார். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. வள்ளலைப் புகழ்வதற்குப் புலவர்கள் கையாண்ட உத்தி இது என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உளர். புகழ்ச்சி இருக்கவே இருக்கிறது. ஆயினும் அப்புகழ்ச்சியைச் சென்றடைவதற்கு முன்னர் நாம் ஒரு நிலப்பரப்பைக் காலால் கடந்தாக வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன் கிடைக்கும். வேலூரில் புளியிட்ட சூடான சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும். எந்த ஊரில் யார் வீட்டில் என்ன உண்ணலாம் என்பது வரை சொல்லப்பட்டிருக்கிறது.

இவ்வகையில் மலைபடுகடாத்தை நான் முதலில் வைப்பேன். நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். மலையின் அழகும் அருவியின் ஒலியும் அதில் உண்டு. அவற்றோடு, தினைப்புனங்களைத் தின்னவரும் பன்றிகளுக்காக வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் எப்படி வரும், பாசி படிந்த வழுக்குநிலத்தில் எப்படிக் கால் வைப்பது என்பனவும் உண்டு. வழியின் துன்பத்தை மறைத்து வளத்தை மட்டும் காட்டுவது அந்தக் கூத்தனுக்கு அறமாகத் தோன்றவில்லை. கேட்பவன் மனைவி மக்களோடும் சுற்றத்தோடும் செல்கிறவன் அல்லவா?

இன்று சமூக ஊடகங்களில் பகிரப்படும் இடங்களின் படங்களை நம் காலத்து ஆற்றுப்படைகள் எனலாம் என்பது என் கருத்து. அங்கும் கண்டு வந்தவன் காணாதவனுக்குக் காட்டுகிறான். காட்டப்பட்டவன் புறப்பட்டுப் போகிறான். போய் வந்து அவனும் காட்டுகிறான். 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தொடங்கப்பெற்றது. அதிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குள், எந்த இடத்துக்குச் செல்வது, அங்கே எங்கே நிற்பது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்பவற்றையெல்லாம் இவ்வகைப் படங்கள் வகுத்துவிட்டன. எனவே இவற்றை வேடிக்கை என்று தள்ளாமல் ஓர் இலக்கிய வகையாகவே வைத்துக் குணமும் குற்றமும் நாடுவது முறை. குற்றத்தைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். என் மகள் கண்டுபிடித்த குற்றம் அது: இவ்வாற்றுப்படைகளில் ஆறு இல்லை. போய்ச் சேருமிடம் இருக்கிறது. போகும் வழி இல்லை.

அவள் காட்டிய கோயில் பாலியின் கிழக்குப் பகுதியில் உள்ள லெம்புயாங். இரண்டாகப் பிளந்த உயரமான வாயில். அதன் நடுவே தொலைவில் ஆகுங் எரிமலை. வாயிலின் முன்னே கண்ணாடி போன்ற ஏரி. அதில் வாயிலும் வானும் தலைகீழாகத் தெரிகின்றன. உலகெங்கும் பல இலட்சம் பேர் இப்படத்தைக் கண்டிருப்பார்கள். ஆனால் அங்கே ஏரி இல்லை. வாயிலின் முன் இருப்பது வெறுந்தரை. உள்ளூரில் படம் எடுத்துக் கொடுப்போர் கைப்பேசியின் வில்லைக்குக் கீழே ஒரு சிறு கண்ணாடித் துண்டைப் பிடிக்கிறார்கள். அதில் விழும் பிம்பமே ஏரியாகிறது. 2019-ஆம் ஆண்டு இச்செய்தி உலகெங்கும் பரவியது. பரவிய பின்னும் வரிசை குறையவில்லை என்பதுதான் சிந்திக்கத்தக்கது. ஏரி இல்லை என்பதை அறிந்தே மக்கள் மணிக்கணக்கில் காத்து நிற்கிறார்கள். தம் முறை வந்ததும் சில நொடிகள் நிற்கிறார்கள். இல்லாத ஏரியோடு கூடிய படத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்கள் காணச் சென்றது கோயிலை எனச் சொல்ல இயலுமா? முன்பே கண்ட படத்தினுள் தாமும் ஒருமுறை நின்றுவர அவர்கள் சென்றிருக்கிறார்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்! தில்லி கன்னாட் பிளேஸுக்கு அருகே ஹெய்லி சாலையை ஒட்டி அக்ரசேன் படிக்கிணறு இருக்கிறது. ஏறத்தாழ அறுபது மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் அகலமும் கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட படிகளோடு பூமிக்குள் இறங்கும் கட்டடம் அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதிய இடைவேளையில் அங்குச் சென்று உட்காருவதுண்டு. புறாக்களும் வௌவால்களுமே எனக்குத் துணை. படி இறங்க இறங்க நகரத்தின் ஓசை குறையும். தன் காலடி ஓசை தனக்கே கேட்கும். வெயிற்காலத்தில் கல்லின் குளிர்ச்சி முதலில் கணுக்காலில் தெரியும். 2014-ஆம் ஆண்டு 'பீகே' என்னும் இந்தித் திரைப்படத்தில் அவ்விடம் இடம்பெற்றது. கைப்பேசிப் படங்களும் சேர்ந்துகொண்டன. இன்று விடுமுறை நாளில் உட்கார ஒரு படி கிடைப்பது அரிது.

கூட்டம் வந்ததைப் பற்றி எனக்குக் குறையில்லை. பழைய கட்டடத்தை மக்கள் காண வருவது நல்லதே. என் அமைதி போயிற்று என்று வருந்துவது தன்னலம். நான் சொல்ல வந்தது வேறு. வருவோரில் பெரும்பாலோர் மேற்படிகளிலேயே அமர்ந்து, கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள். படிக்கிணறு என்பது இறங்குவதற்காகக் கட்டப்பட்டது. நீர்மட்டம் தாழத் தாழ மனிதனும் கூடவே இறங்கிச் செல்லலாம் என்பதே அக்கட்டடக்கலையின் கருத்து. படத்துக்கு அக்கருத்து வேண்டியதில்லை. படிகளின் அடுக்கு பின்னணியில் விழுந்தால் போதும். இது நீர்நிலையா, அரங்கமா, அரண்மனையா என்ற வேறுபாடு கூட அப்படத்தில் நில்லாது. அக்கிணற்று நீர் மனிதரை மயக்கி உள்ளே இழுக்கும் என்ற பேய்க்கதை மட்டும் படத்தோடு சேர்ந்து ஊரெல்லாம் சுற்றுகிறது.

இதற்கெல்லாம் நிழற்படக் கருவியே காரணம் என்று பழி போடுவது எளிது. சூசன் சொண்டாக் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1977-ஆம் ஆண்டிலேயே நிழற்படக் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுற்றுலாச் செல்வோன் அனுபவத்தைத் தேடாமல் படத்தைத் தேடுகிறான் என்ற குற்றச்சாட்டு அப்பொழுதே அதில் இருக்கிறது. கைப்பேசி பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்திய நோய் என்றால் கைப்பேசியை மட்டும் நோவதில் பயனில்லை. மேலும், கருவியால் நேர்ந்த நன்மை ஒன்றை நம் தஞ்சையே அறியும்.

1857 டிசம்பரில் லின்னேயஸ் டிரைப் என்னும் சென்னைப் படைத் தலைவர், மாகாண அரசின் நிழற்படக்காரராகத் தென்மாவட்டங்களுக்குப் புறப்பட்டார். கருவிகளையெல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் செதுக்கப்பட்ட கல்வெட்டுகளை அடுத்தடுத்துப் படம்பிடித்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக ஆக்கினார். அந்த எழுத்தைப் படிக்கும் ஆற்றல் அவருக்கு இருந்ததா என்பது கேள்வியன்று; பின்னால் படிக்க வல்லோர் வருவர் என்று கருதி, ஓர் எழுத்தும் விட்டுப்போகாதபடி நின்று நின்று எடுத்தார். ஆள வந்தோர் தம் உடைமைக்குக் கணக்கெடுத்த பார்வை அது என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அது கல்லை நோக்கிய பார்வை. 1860 வாக்கில் இது செலவு மிகுந்த ஆடம்பரம் என்று கூறி அரசு அவ்வேலையை நிறுத்திவிட்டது. நிதித்துறையின் ஆட்சேபணை அன்றும் இருந்திருக்கிறது!

சில ஆண்டுகளுக்கு முன், விடுப்புப் பயணச் சலுகையில் ஊருக்குச் சென்றபொழுது, நாங்களும் குடும்பத்தோடு பெரிய கோயிலுக்குப் போனோம். இரண்டு மணி நேரம் இருந்தோம். திரும்பும்பொழுது எண்ணிப் பார்த்தால் எங்கள் கைப்பேசிகளில் நூற்றுப் பதினேழு படங்கள். விமானம் எங்கள் தலைகளுக்குப் பின்னே ஓங்கி நின்றது. கல்வெட்டு ஒரு படத்தில் மட்டும் இருந்தது. அதுவும் என் மகன் அதன்மீது சாய்ந்துகொண்டு நின்றதால். தமிழ் பயின்றவன் என்று சொல்லிக்கொள்ளும் நானும் ஒரு வரி கூட எழுத்துக்கூட்டிப் பார்க்கவில்லை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எங்கோ படித்ததைப் பிள்ளைகள் சொன்னார்கள். நிழல் எங்கள் காலடியிலேயே விழுந்து கிடந்தது. அதையும் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

தில்லிக்குத் திரும்பிய பிறகு நூலகத்தில் அக்கல்வெட்டுகளின் பதிப்பை எடுத்துப் படித்தேன். இராசராசன் கோயிற்பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொருத்தியும் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள், தஞ்சையில் எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியேற்றப்பட்டாள் என்பது உட்பட வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பங்குக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஊர்விட்டு ஊர் வந்து, அரசுப் பணியில் அமர்ந்து, ஒதுக்கப்பட்ட வீட்டில் வாழ்பவரின் பட்டியல் அது. அரசுக் குடியிருப்பில் வாழும் எனக்கு அதைப் படிக்கையில் ஏற்பட்ட உணர்ச்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை. இம்மலரைப் படிப்போர் பலருக்கும் அது விளங்கும். என் உறவினர் போன்ற அந்நானூற்றுவரின் பெயர்களுக்கு அருகே இரண்டு மணி நேரம் நின்று, அவர்களுக்கு முதுகைக் காட்டிப் புன்னகை செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படி நேர்வது ஏன் என்பதை உளவியலார் ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-ல் லிண்டா ஹெங்கெல் என்னும் அமெரிக்கப் பேராசிரியை ஒரு சோதனையை வெளியிட்டார். கலைக்கூடத்துக்கு மாணவரை அழைத்துச் சென்று, சில பொருள்களைப் பார்க்க மட்டும் செய்தார். சிலவற்றைப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள் வினவியபொழுது, முழுமையாகப் படமெடுத்த பொருள்களைப் பற்றிய நினைவே குறைந்திருந்தது. ஆனால் ஒரு பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை அணுகிப் படமெடுத்தவர்க்கு நினைவு குன்றவில்லை. இவ்விரண்டாம் முடிவை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் மேடைகளில் முழங்குவோர் பலர். டிரைப் செய்தது அந்த இரண்டாவது வகை என்று எனக்குப் படுகிறது. படமெடுப்பதால் இன்பம் மிகுவதும் உண்டு என்று 2016-ல் வேறு சிலர் காட்டினர். அவர்களே 2018-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வுதான் நம் பொருளுக்கு நேரானது. தன் நினைவுக்காகப் படமெடுப்பவனைவிடச் சமூக ஊடகத்தில் பிறர்க்குக் காட்டுவதற்காகவே எடுப்பவனுக்கு அவ்விடத்தில் இன்பம் குறைகிறது. தன்னைப் பிறர் எவ்வாறு மதிப்பர் என்ற கவலை குறுக்கே வந்துவிடுகிறது என்பது அதன் முடிவு.

ஆகவே கருவியை விட்டுவிடலாம். யாருக்காகப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடத்தில் நிற்பவனின் கண் அவனுடையதாக இல்லை. அங்கே இல்லாத நூறுபேரின் கண்களை அவன் கடன் வாங்கிக்கொண்டு நிற்கிறான். பழைய ஆற்றுப்படையிலும் பிறனுக்காகப் பார்ப்பது உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அங்கே பேச்சு முழுவதும் 'நீ' என்று முன்னிலையில் நடக்கிறது. நீ இவ்வழியே செல்வாய், நீ இதை உண்பாய், நீ இங்கே வழுக்கி விழாதே. இன்றைய படம் தன்மையில் நடக்கிறது. நான் இங்கே நின்றேன் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. கேட்பவனின் கால் வழுக்குமா என்ற கவலை அதற்கு இல்லை.

அக்கவலை இல்லாமையால் உயிர்களே போயிருக்கின்றன. 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் செய்தித்தாள்களில் வந்த செல்ஃபி மரணங்களைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள் தொகுத்து 2018-ல் வெளியிட்டார்கள். 259 பேர். நாடுகளுள் இந்தியாவே முதலிடம். ஜப்பானில் ஃபுஜி மலை ஒரு கடையின் கூரைக்கு மேலே தெரியும் காட்சியைப் படமெடுக்க வந்தோர் சாலை விதிகளை மதியாமல் குறுக்கே நின்றமையால், அவ்வூரார் 2024 மே மாதத்தில் இருபது மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலைத்திரை கட்டி மலையையே மறைத்தார்கள். சில மாதங்களில் எடுத்துவிட்டார்கள் என்பது வேறு செய்தி. தம் ஊர் மலையைத் தாமே மறைக்கும் நிலை வந்ததே!

நிழற்படமும் நல்ல ஆற்றுப்படையும் ஒருவரிடம் சேர்ந்திருக்க முடியாதா என்றால், முடியும், ஏ.கே. செட்டியார் இருந்தார். ஜப்பானிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலையை முறையாகப் பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டங்களைச் சுற்றியவர். அவருடைய பயணக் கட்டுரைகளில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எதிர்ப்பட்ட மனிதர், கிடைத்த உணவு, ஏறிய வண்டி, அங்கு வாழும் தமிழர் நிலை இவை வரிசையாக வரும். எழுதியவர் ஓரமாக நின்றுகொள்வார். அச்சிக்கனத்தைச் சிலர் வறட்சி என்பர். எனக்கு அது விருந்தோம்பல் போலத் தோன்றுகிறது. வாசகன் அமர்வதற்கு இடம் விட்டு எழுதியவர் அவர்.

இனி, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நம்மவர் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஊரைவிட்டு ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்கிறோம். தங்கையின் வீட்டுப் பால்காய்ச்சும், சித்தப்பாவின் அறுவடையும், குலதெய்வக் கோயில் கொடையும் கைப்பேசிப் படமாகவே நம்மை வந்தடைகின்றன. 2020 மே 4-ஆம் நாள், கொள்ளைநோய்க் காலத்தில் அடியார் கூட்டம் இல்லாமல் மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் நடந்தபொழுது, அதைத் திரையில் கண்டு தாலிச்சரடு மாற்றிக்கொண்ட பெண்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருந்தார்கள். அன்று அத்திரையைக் குறை கூறும் துணிவு எனக்கு இல்லை, இன்றும் இல்லை. ஊரை அறிந்தவனுக்குப் படம் ஒரு நினைவூட்டல். மல்லிகையின் மணத்தையும் கூட்டத்தின் வியர்வையையும் அவன் தன் நினைவிலிருந்து சேர்த்துக்கொள்வான். ஊரை அறியாத அவன் பிள்ளை எதிலிருந்து சேர்த்துக்கொள்ளும்?

இவ்விடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் கும்பகோணத்துக்கு மேற்கே உள்ள சிற்றூர். ஒரு பொங்கலுக்குத் தனியாகச் சென்றிருந்தபொழுது எங்கள் வீட்டெதிரே உள்ள குளத்தைப் படமெடுத்தேன். தைமாதக் காலை, குளம் கரை ததும்ப இருந்தது, அல்லி பூத்திருந்தது, கோயில் கோபுரம் நீரில் அசையாமல் கிடந்தது. வடகரையில் இடிந்த படித்துறையும் அதன்மேல் குவிந்திருந்த நெகிழிக் குப்பையும் படத்துள் வராதபடி இரண்டடி தள்ளி நின்று எடுத்தேன். லெம்புயாங்கில் கண்ணாடித் துண்டைப் பிடிப்பவனுக்கும் எனக்கும் வேற்றுமை அந்த இரண்டடிதான். அப்படத்தை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் இட்டேன். அலுவலகக் கணினியிலும் வைத்தேன். தில்லி வீட்டில் சட்டமிட்டு மாட்டினேன். என் மக்கள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். 'எங்கள் ஊர்' என்று பள்ளித் தோழருக்கு அதைக் காட்டினார்கள்.

அந்த விடுப்புப் பயணம் மே மாதக் கடைசியில் அமைந்தது. தில்லியில் பள்ளி விடுமுறை அப்பொழுதுதான். வழக்கப்படி மேட்டூர் அணை திறப்பது ஜூன் 12. மூடுவது ஜனவரி 28. காவிரியின் கடைக்கிளை வாய்க்கால்களில் மே மாதத்தில் நீர் ஏது? வண்டியிலிருந்து இறங்கியதும் என் மகள் கேட்டது, "அப்பா, குளம் எங்கே?" என்பது. குளத்தின் கரையில் நின்றுகொண்டு கேட்டாள். வெடித்த சேறும், நடுவில் கலங்கிய சிறு தேக்கமும், மேயும் இரண்டு ஆடுகளும் அவள் முன்னே இருந்தன. "இதுதானம்மா" என்றேன். "இது இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்வதைத் தேர்வுக்காக எத்தனைமுறை எழுதியிருப்பேன்! நிலத்தை மட்டும் தனியே எடுத்து முதற்பொருள் என்று அவ்வாசிரியர் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்வதை இளங்கோவடிகளும் காட்டினார். ஓர் இடம் ஆண்டு முழுதும் ஒரே இடமாக இருப்பதில்லை என்ற அறிவு நம் இலக்கணத்தின் அடித்தளம். நான் எடுத்த படத்தில் நிலம் இருந்தது, பொழுது இல்லை. தை மாதம் என்று அடியில் ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. பொழுதை நீக்கிய நிலத்தைப் பிள்ளைகளுக்கு ஊர் என்று கொடுத்துவிட்டேன். அவர்கள் நேரில் வந்தபொழுது ஊர்தான் பொய்யாகத் தோன்றியது. படம் மெய்யாக இருந்தது.

அவளை மீட்டவள் என் தாய். மறுநாள் விடியற்காலையில், "வாடி, குளத்தைக் காட்டுறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றாள். நீரில்லாத குளத்துக்குள்ளேயே இருவரும் இறங்கிவிட்டார்கள். நான் கரையில் நின்றேன். நீர் வரும் மதகு இது, போகும் கலிங்கு இது, இந்தக் கல் வரை தண்ணீர் வந்தால் அந்த ஆண்டு இரண்டு போகம், இந்தப் படியில்தான் உன் அப்பன் ஏழு வயதில் வழுக்கி விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டான், தூர் வாரியபொழுது இங்கே ஒரு பித்தளைக் குடம் கிடைத்தது, குளம் வற்றினால்தான் இதையெல்லாம் பார்க்கமுடியும் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கே பாதி புதிது. நிறைந்த குளத்தை மட்டுமே நினைவில் சுமந்துகொண்டு தில்லிக்குப் போனவன் நான். அன்று என் மகள் ஒரே ஒரு படம் எடுத்தாள்: அளவுக் கல்லின் மேல் என் தாயின் கை.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய இரவில் அப்படத்தை அவள் தேடி எடுத்து, தன் தோழியர் பார்க்கும்படி வெளியிட்டாள். படத்தின் கீழே தமிழிலேயே எழுதினாள். சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற தமிழ்: "கும்பகோணத்தில் இறங்கி மேற்கே போகும் நகரப் பேருந்தில் ஏறவும். மே மாதத்தில் தண்ணீர் இராது. தண்ணீர் பார்க்க வேண்டுமானால் தை மாதம் வரவும். வடகரையில் மூன்றாவது படி பெயர்ந்திருகிறது, பார்த்து இறங்கவும். கீழ்க்கரையில் முதல் வீடு எங்கள் அப்பாயி வீடு. மோர் கிடைக்கும்."

'பெயர்ந்திருக்கிறது' என்பதில் ஒற்று விட்டுப்போயிற்று என்று சொன்னேன். திருத்திக்கொண்டாள்.